பழைய சைக்கிள் ரியூபால் ஸ்கூபாக் கருவிகளைக் கட்டலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பாசிக்குடாவில், சிலிண்டர் காற்றோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபாச் சுழியோடிகளுக்கு உதவியாளராக அண்மையில் சேர்ந்திருக்கிறீர்கள். உங்களோடு கடலுக்கு வந்த வெளிநாட்டவர் ஒருவர் தம் ரோச் லைட்டைத் தோள்பட்டியோடு ஒட்டி வைப்பதற்குச் சைக்கிள் ரியூபிலிருந்து வெட்டிய வளையம் ஒன்றைப் போட்டிருந்தார். மருதமுனையில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சைக்கிள் கடையில் அப்படியான ரியூப் கழித்துப் போடப்பட்டுச் சும்மா கிடக்கிறது. இதற்கென்று விற்கும் பட்டிகளோ உங்கள் சம்பளத்துக்கு எட்டாத விலை. ஆகவே பழைய ரியூபை வெட்டி விளக்கு, ஹோஸ், கத்தி முதலியவற்றைக் கட்டிக்கொள்வது புத்திசாலித்தனமா, அல்லது ஆபத்தான சிக்கனமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி இறப்பரைப் பற்றியதாகத் தெரிந்தாலும், தண்ணீருக்கு அடியில் எந்த வேலையை ஓர் இறப்பர் வளையத்திடம் ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்பதே நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். கல்குடாக் கரையில் பல ஆண்டுகளாக சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும் அளவுக்குக் குறைத்துத் தரும் ரெகுலேற்றர், காற்றேற்றி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் மிதவைச் சட்டை ஆகியவற்றைத் திருத்தும் வேலையும் புதியவர்களைப் பழக்கும் வேலையும் செய்துவருபவன் நான். இறப்பர் வேதியியல் படித்தவன் அல்ல. இதில் நான் உறுதியாகச் சொல்வனவும் உண்டு, கைப்பழக்கத்தில் கண்டதாக மட்டும் சொல்வனவும் உண்டு. இரண்டையும் பிரித்தே சொல்கிறேன்.

கட்டலாம் என்பதே பதில். உலகெங்கும் ஆழ்கடலுக்கும் கடலடிக் குகைகளுக்கும் இறங்கும் தேர்ந்த சுழியோடிகள் இதைத் தெரிந்தேதான் செய்கிறார்கள். ஆகவே நீங்கள் கண்டது கஞ்சத்தனம் அல்ல. ஆனால் அவர்கள் ஒரு வேறுபாட்டை விடாமல் கடைப்பிடிக்கிறார்கள். ஒரு பொருள் தொலைந்துபோகாமல் தாங்கிப் பிடிப்பது ஒரு வேலை. ஏற்கெனவே கொளுக்கியில் மாட்டப்பட்ட பொருள் அலையாமல், தொங்காமல், உடம்போடு ஒட்டிக் கிடக்கும்படி செய்வது வேறொரு வேலை. ரியூப் இரண்டாவது வேலைக்கு மிக நல்லது. முதலாவது வேலைக்கு அதை ஒருபோதும் வைக்கக் கூடாது. எந்த இடத்தில் வளையம் போட நினைத்தாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இது இந்தக் கணமே அறுந்தால் என்ன நடக்கும்? இது கழலாமல் சிக்கிக்கொண்டால் என்ன நடக்கும்? இரண்டுக்கும் விடை "கொஞ்சம் தொல்லை" என்ற அளவில் நின்றால் போடலாம். ஒன்றுக்காவது அதைவிடப் பெரிய விடை வருமானால் அந்த இடம் ரியூபுக்கு உரியதல்ல. பலர் முதற் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது கேள்வியே எனக்குக் கூடுதல் கவலை தருவது, ஏனென்றால் அறுந்த வளையம் கண்ணுக்குத் தெரியும், கழலாத வளையமோ அவசரம் வரும்வரை நல்ல வளையம் போலவே இருக்கும்.

இனி அந்த இறப்பரைப் பற்றிக் கொஞ்சம். இன்று விற்கப்படும் கறுப்பு ரியூப்களில் பெரும்பங்கு பியூட்டைல் என்ற செயற்கை இறப்பரால் ஆனவை. 1937இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஒயில் நிறுவன ஆய்வுகூடத்தில் உருவான இந்த இறப்பர் காற்றை மிக மெதுவாகவே கசியவிடும். அதனால்தான் ரியூபுக்குப் பிடித்துப்போனது. நமக்கு அதைவிட முக்கியமான குணம் ஒன்று அதற்கு உண்டு. வெயிலையும் காற்றிலுள்ள ஓசோனையும் அது இயற்கை இறப்பரைவிட நன்றாகத் தாங்கும். இயற்கை இறப்பரை இழுத்துக் கட்டிய நிலையில் வெளியே வைத்தால், இழுவைக்குக் குறுக்காக நுண்ணிய வெடிப்புகள் விழுந்து, ஒருநாள் தொட்டதும் அறுந்துபோகும். மறுபக்கம், இயற்கை இறப்பர் விட்டதும் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பும். பியூட்டைல் சற்று மந்தமாகத் திரும்பும். இவ்வளவும் உறுதியானவை. உங்கள் கையில் இருக்கும் ரியூப் எந்த வகை என்பதுதான் சந்தேகத்துக்குரியது. விலை குறைந்த சைக்கிள் ரியூப்களில் இயற்கை இறப்பரும் கலப்பும் இருக்கும். நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் கறுப்பு நிறம் கரித்தூளால் வருவது, அது இரண்டிலும் சேர்க்கப்படும். ஒரு துண்டை இருமடங்கு இழுத்து விட்டு, அது துள்ளித் திரும்புகிறதா, சோம்பித் திரும்புகிறதா என்று பார்ப்பது ஓரளவு வழிகாட்டும். அந்தத் தீர்ப்பில் நூற்றுக்கு நூறு நம்பிக்கை வைக்காமல், எந்த வகையானாலும் வேளைக்கே மாற்றிவிடுவது என்ற வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் கடையில் எதை எடுப்பது? எங்கள் பக்கத்தில் சாதாரணமாக ஓடும் 28 அங்குலச் சைக்கிளின் ரியூப் பெரும்பாலான சிறு வேலைகளுக்குப் பொருந்தும் அகலம் கொண்டது. பஞ்சர் ஆனதால் கழிக்கப்பட்ட ரியூப் நல்லது. பழுதானது ஓர் இடம் மட்டுமே. வருடக்கணக்காக ஓடித் தேய்ந்து, மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கழிக்கப்பட்டது வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நீளமாக விரித்து, வால்வு இருக்கும் இடத்திலிருந்து இரு பக்கமும் ஒரு சாண் அளவுக்கு வெட்டி எறியுங்கள். சொலுசன் பூசி ஒட்டுப் போட்ட இடங்களையும் தள்ளிவிடுங்கள், ஒட்டின் ஓரத்தில் இறப்பர் ஒரே சீராக இழுபடாது. ரியூபின் இரண்டு முனைகளையும் தொழிற்சாலையில் இணைத்த மூட்டு ஒன்று குறுக்குக் கோடாகத் தெரியும், அதுவும் வேண்டாம். றிம் பக்கமாக இருந்த முகத்தில் கம்பித் தலைகள் அழுத்திய தடங்களும் துருக்கறையும் இருக்கும். கறை பரவாயில்லை, தடம் குழியாக இருந்தால் அந்தத் துண்டைக் கழித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடி, சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத் தூவப்பட்ட டல்க். அதைச் சவர்க்கார நீரில் நன்றாகக் கழுவிப் போக்க வேண்டும், ரெகுலேற்றர் அருகே அந்தப் பொடி போகக் கூடாது. மோட்டார் சைக்கிள் ரியூப் கிடைத்தால், பஞ்சரை அடைக்க ஊற்றும் பசைத் திரவம் உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெட்டும் விதத்தில்தான் வளையத்தின் ஆயுள் இருக்கிறது. இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். இறப்பர் நடுவில் அறுவதில்லை, விளிம்பில் உள்ள ஒரு சிறு வெட்டுக்காயத்திலிருந்துதான் கிழியத் தொடங்கும். பிளேட்டால் இழுத்து வெட்டினால் விளிம்பு பற்கள் போல அமையும். கத்தரிக்கோலால் இரண்டு மூன்று தடவை நறுக்கினால் ஒவ்வொரு நறுக்குக்கும் இடையில் ஒரு படி நிற்கும், கிழிசல் அந்தப் படியில்தான் பிறக்கும். எனவே ரியூபின் அகலத்தைவிட நீளமான வாய்கொண்ட, தையற்காரர் வைத்திருக்கும் பெரிய கத்தரிக்கோலை எடுத்து, சோக்கால் கோடு போட்டு, ஒரே அழுத்தில் வெட்டி முடியுங்கள். வெட்டிய வளையத்தை இரு பெருவிரல்களுக்கு இடையில் இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விளிம்பைச் சுற்றிலும் பாருங்கள். வெடிப்போ படியோ கண்ணில் பட்டால் அதை வீட்டு வேலைக்கு விட்டுவிட்டு இன்னொன்று வெட்டுங்கள். பொருள் இலவசமாகக் கிடைக்கும்போது தாராளமாகக் கழிக்கலாம். அகலம் இரண்டரை முதல் மூன்று சென்ரிமீற்றர் இருந்தால் நல்லது. ஒரு சென்ரிமீற்றர் வளையங்கள் பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும், ஆனால் சுருண்டு கயிறாகிவிடும். கையுறை போட்ட விரலால் கயிறான வளையத்தைத் தூக்க முடியாது.

நீங்கள் கண்ட அந்த ரோச் லைட்டையே எடுத்துக்கொள்வோம், ரியூபுக்கு மிகப் பொருத்தமான வேலை அது. தோள்பட்டி ஐந்து சென்ரிமீற்றர் அகல நைலோன் நாடா. அதைச் சுற்றி அளந்தால் ஏறத்தாழ பத்தரை சென்ரிமீற்றர் வரும். நான் சொன்ன ரியூப் தட்டையாகக் கிடக்கும்போது நாலரை சென்ரிமீற்றர் அகலம் என்றால் அதன் சுற்றளவு ஒன்பது. ஆகவே நாடாவின்மேல் அது மெல்லப் பிடித்தபடி, ஆனால் விரலால் நகர்த்தக்கூடியபடி இருக்கும். மெல்லிய விளக்கு ஒன்றையும் சேர்த்துச் செருகினால் அதன் இயல்பு நீளத்தின் ஒன்றரை மடங்கு அளவுக்கு இழுபடும். அந்த இழுவை சரியானது. இதில் கவனிக்க வேண்டியது, விளக்கைத் தாங்குவது வளையம் அல்ல என்பதே. விளக்கின் பின்முனையில் கயிற்றால் கட்டிய ஒரு கொளுக்கி இருக்கும். அது தோள்பட்டியிலுள்ள D வடிவ உலோக வளையமான டி வளையத்தில் மாட்டப்பட்டிருக்கும். விளக்கின் முகம் கீழ்நோக்கி நாடாவோடு சேர்ந்து கிடக்க, ரியூப் வளையம் உடலைச் சுற்றி அழுத்தி வைத்திருக்கும். வளையம் அறுந்தால் விளக்கு தொங்கும், தொலையாது. வேண்டும்போது விளக்கை ஓர் இழுப்பு இழுத்தால் வளையத்திலிருந்து வெளிவரும், பிறகு கொளுக்கியைக் கழற்றலாம். இரண்டு கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைக்கும் இடம் இது. வளையத்தை டி வளையத்துக்குக் கீழே கோக்க வேண்டியிருப்பதால், பட்டியைப் பிரிக்கும் நாளிலேயே ஒன்றுக்கு இரண்டாகக் கோத்து விடுங்கள். மற்றது கையிருப்பாக மேலே கிடக்கட்டும்.

மிதவைச் சட்டைக்குக் காற்றேற்றும் நெளிகுழாயையும் அதனோடு வரும் சிறு ஹோஸையும் சேர்த்துப் பிடிப்பதற்கும், அழுத்தமானியின் ஹோஸ் இடுப்புப் பக்கத்தில் வெளியே வளையாமல் இருப்பதற்கும், மேற்பரப்பு அடையாள மிதவையைச் சுருட்டி வைப்பதற்கும் இதே வளையம் போதும். உடம்பை அமிழ்த்துவதற்காக இடுப்பில் கட்டும் ஈயப்பட்டியில் ஈயக் கட்டிகள் வழுக்காமல் இருக்க, கட்டிக்கு இரு பக்கமும் நாடாவில் ஒரு துண்டு ரியூபைக் கோத்துவிடுவதும் நல்ல வழி.

கத்தியைக் கெண்டைக்காலிலோ முன்கையிலோ கட்டுவதில் ரியூபுக்குத் தனிச் சிறப்பே உண்டு, அதன் காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சுழியோடி அணியும் நியோப்பிரீன் உடைக்குள் நுண்ணிய வாயுக்குமிழிகள் நிறைந்திருக்கின்றன. 10 மீற்றரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இருமடங்கு, 30 மீற்றரில் நான்கு மடங்கு. குமிழிகள் அதற்கேற்பச் சுருங்க, உடை மெலிந்துவிடும். படகில் இறுக்கிக் கட்டிய துணிப்பட்டி அங்கே தளர்ந்து சுற்றிவரும். இறப்பர் பட்டியோ தானாகச் சுருங்கி அந்தத் தளர்வை எடுத்துக்கொள்ளும். அதற்காகப் படகிலேயே காலை நெரிக்கும் அளவுக்கு இழுத்துக் கட்ட வேண்டாம். விரல் ஒன்று உள்ளே நுழையும்படி இருக்க வேண்டும். கத்தி உறையைப் பட்டி மட்டுமே தாங்குமானால், கத்தியையும் ஒரு மெல்லிய நூலால் வேறோர் இடத்தில் கட்டிவிடுங்கள்.

உடலின் பக்கமாக மாட்டும் மேலதிகச் சிலிண்டரான பக்கச் சிலிண்டரில் ஹோஸ்களைச் செருகி வைக்க வளையம் போடலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். போடலாம், ஆனால் சைக்கிள் ரியூபால் முடியாது. இதைக் கணக்காகவே காட்டுகிறேன். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் 11 லீற்றர் அலுமினிய சிலிண்டரின் விட்டம் 18.4 சென்ரிமீற்றர், சுற்றளவு ஏறத்தாழ 58. ஒன்பது சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள வளையத்தை 58க்கு இழுப்பது என்றால் ஆறு மடங்குக்கும் மேல். அது ஏறாது; ஏறினாலும் நிற்காது. நான் வைத்துக்கொள்ளும் அளவு, இயல்புச் சுற்றளவின் 1.3 முதல் 1.5 மடங்கு வரையான இழுவை. அதற்குக் கீழே பிடிப்புப் போதாது, மேலே போனால் வளையம் விரைவில் களைத்துவிடும். இது சோதனைக்கூடத்தில் வந்த எண் அல்ல, கைப்பழக்கத்தில் நிலைத்த எண். அதன்படி இந்தச் சிலிண்டருக்குத் தட்டையாக வைத்து அளந்தால் 19 முதல் 22 சென்ரிமீற்றர் அகலமுள்ள ரியூப் தேவை. வான் அல்லது லொறி ரியூப்களில் தேடுங்கள். அளவுகோலைக் கையோடு கொண்டுபோய், தட்டை அகலத்தை இரண்டால் பெருக்கிப் பாருங்கள். லொறி ரியூப் தடிப்பானது என்பதால் வளையத்தில் ஒரு சிறு காதுபோல் ஓரிடத்தை அகலமாக விட்டு வெட்டினால், கையுறையோடு பிடித்து இழுக்க வசதியாக இருக்கும். சைக்கிள் ரியூபை நீளமாகக் கீறி முடிச்சுப் போட்டுச் சிலிண்டரைச் சுற்றுகிறவர்களும் உண்டு. முடிச்சு எதிலாவது மாட்டும், நான் அதை விரும்புவதில்லை.

இந்த இடத்தில் எங்கள் கடலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் அதைவிட மிகக் குறைந்த, பொழுதுபோக்குச் சுழியோடிகளும் இறங்கக்கூடிய ஆழத்தில் இருக்கிறது. உங்களிடம் வருகிறவர்களில் பலர் இந்தக் கப்பல்களுக்காகவே வருகிறார்கள். ஹேர்மிஸின் ஆழம் பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் 40 மீற்றர் எல்லைக்கு அப்பாற்பட்டது. அங்கே இறங்குபவர் மேலே வரும்போது கட்டம் கட்டமாக நின்று வரவேண்டும், அதற்கான பக்கச் சிலிண்டரும் அவரிடம் இருக்கும். மூழ்கிய கப்பலில் வளைந்த தகடும், கம்பியும், மீனவர் இழந்த வலையும் தூண்டில் நரம்பும் எங்கும் சிக்கிக் கிடக்கும். தொங்கும் ஒவ்வொரு ஹோஸும் ஒவ்வொரு விளக்கும் அவற்றில் மாட்டுவதற்கு ஒரு வாய்ப்பு. ரியூப் வளையத்தின் மதிப்பு அங்கேதான் முழுமையாகத் தெரியும்: எல்லாவற்றையும் உடலோடு ஒட்டி வைக்கும்; அப்படியும் ஏதாவது மாட்டினால் இழுபட்டுக் கொடுக்கும்; அதுவும் போதாவிட்டால் கத்தியின் ஒரே வெட்டில் விடும். உலோகத்தோடு உலோகத்தை நேரே பூட்டினால் இந்த மூன்றில் ஒன்றும் நடக்காது. கொளுக்கிகளைக்கூட நூற்கயிற்றால் கட்டுவதன் காரணம் அதுதான்.

இனி எங்கே கூடவே கூடாது என்பது. சிலிண்டரை மிதவைச் சட்டையோடு பிடிக்கும் பட்டிக்குப் பதிலாகவோ, துணையாகவோ ரியூபைச் சுற்ற வேண்டாம். பட்டி தளர்ந்திருந்தால் பட்டியை மாற்ற வேண்டும். துணைக்குச் சுற்றிய ரியூப் அந்தத் தளர்வை மறைத்துவிடும் என்பதே அதன் கெடுதி. ஈயப்பட்டியின் தொங்கும் நுனியை வளையத்துக்குள் செருகுவது பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், ஆனால் அவசரத்தில் அந்த நுனியை இழுத்துத்தான் பட்டியைக் கழற்றி எறிய வேண்டும். நுனி எப்போதும் விடுதலையாகத் தொங்கட்டும். மாற்று வாய்க்கருவியான ஒக்டோபஸை ரியூபால் பிடிக்காதீர்கள். காற்றில்லாமல் தவிக்கும் இன்னொருவர் அதை ஒரே பறிப்பில் எடுக்க வேண்டும், ஈர ரியூபின் பிடி சிலவேளை எதிர்பார்த்ததைவிட முரடாக இருக்கும். அதற்கென்று உள்ள சிலிக்கோன் பிடியை வாங்கிக்கொள்ளுங்கள், செலவு செய்யத் தகுந்த இடம் அது. மாஸ்க் பட்டியும், காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னின் பட்டியும் அப்படித்தான். உங்கள் கேள்விக்குக் கீழே இன்னொருவர், ரியூபிலிருந்து ஓ வளையம் வெட்டிச் சிலிண்டர் வால்வுக்குப் போடலாமா என்று கேட்டிருந்தார். அவருக்கு என் பதில் திட்டவட்டமாக "வேண்டாம்" என்பதே. 200 பார் அழுத்தத்தை அடைக்கும் அந்த வளையத்துக்கு வட்டமான குறுக்குவெட்டும், குறித்த கடினமும், பிசிறில்லாத மேற்பரப்பும் வேண்டும். தட்டை ரியூபில் இம்மூன்றும் இல்லை.

பராமரிப்பில் இரண்டு விடயங்கள் பெரியவை. முதலாவது மண்ணெண்ணெய். பியூட்டைலும் சரி, இயற்கை இறப்பரும் சரி, பெற்றோல், மண்ணெண்ணெய், இயந்திர எண்ணெய் எதையும் தாங்காது. எங்கள் கரையின் வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. படகின் அடியில் தேங்கும் தண்ணீரின்மேல் அந்தப் படலம் எப்போதும் மினுங்கிக்கொண்டிருக்கும். அதில் ஓர் இரவு கிடந்த வளையம் மறுநாள் எப்படியிருக்கும் என்றால், விளிம்பு அலையலையாக நெளிந்து, தொட்டால் வழவழவென்று, முன்னைவிட அகலமாக ஊதியிருக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் நிற்கும். காய்ந்தபின் பழைய வடிவுக்குத் திரும்பியது போலத் தோன்றும், நம்பாதீர்கள். கருவிப் பைகளை இயந்திரத்துக்குத் தள்ளி, படகின் முன்புறமான அணியப் பக்கமாக ஒரு மூடியுள்ள பெட்டியில் வையுங்கள்.

இரண்டாவது, வளையத்துக்கு அடியில் தங்கும் உப்புநீர். சிலிண்டரில் போட்ட வளையத்தை நாட்கணக்காக அப்படியே விட்டால், அதற்குக் கீழே காயாமல் நிற்கும் உப்புநீர் அலுமினியத்தில் சிறு குழிகளாக அரிக்கும். வருடாந்தப் பரிசோதனையில் ஒரு சிலிண்டர் கழிக்கப்படுமானால் அதன் நட்டம், நீங்கள் ஆயுள் முழுவதும் பட்டிக்குச் செலவழிக்காமல் மிச்சம்பிடித்த காசைவிடப் பெரிது. ஒவ்வொரு நாளும் வளையத்தைக் கழற்றி, சிலிண்டரையும் அதையும் நன்னீரில் அலசி, நிழலில் தளர்வாக வையுங்கள். இழுத்த நிலையில் வைக்கப்படும் இறப்பர்தான் வேளைக்கு மூப்படைகிறது.

வளையம் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கு நேர்மையான எண் எதையும் எவராலும் தர முடியாது. ரியூபின் வகை, முன்பு ஓடிய தூரம், வெயில், எண்ணெய் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆனால் எங்கள் கடலே ஒரு தவணையைத் தருகிறது. வாடைக்காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளிப்பாகி, ஏப்ரல் அளவில்தான் சுழியோடுவதற்கு வாகாகத் தெளிகிறது. இடையில் கருவிகள் மூட்டையாகக் கிடக்கும். பருவம் தொடங்கும்போது முந்திய ஆண்டு வளையம் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் ஒன்றுவிடாமல் கழித்துவிட்டுப் புதிதாக வெட்டுங்கள். பருவத்துக்குள் ஏதாவது ஒன்றில் ஐயம் வந்தால், அதில் இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளியில் இரு கோடுகள் இட்டு, இருமடங்கு இழுத்து, ஓர் இரவு முழுவதும் ஆணியில் மாட்டி வைத்து, காலையில் அவிழ்த்துச் சற்றுப் பொறுத்து அளந்து பாருங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி நீண்டிருந்தால் அதன் உயிர் போய்விட்டது. கழித்த துண்டுகளைப் படகிலிருந்து கடலில் போடாதீர்கள். அவை அங்கே அழியமாட்டா, ஆமைகள் வந்துபோகும் கரை இது.

சிலிண்டர்களை ஏற்றி இறக்குவதைப் பற்றியும் ஒரு சொல். சைக்கிள் கரியரில் மீன்பெட்டியையும் விறகுக்கட்டையும் ரியூப் நாடாவால் இழுத்துக் கட்டிப் பழகிய கைகள் நம்முடையவை. அதே பழக்கத்தில் முச்சக்கரவண்டியிலும் படகிலும் சிலிண்டரைக் கட்டிவிடுகிறோம். வெறும் சிலிண்டர் ஏறத்தாழ 14 கிலோ, நிறைந்திருக்கும் காற்று இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல். அலையில் படகு ஒருமுறை தூக்கிப்போட்டால் ரியூப் நீண்டு கொடுக்கும், அந்த நீட்சியில் சிலிண்டர் புரண்டு வால்வு எதிலாவது இடிபடலாம். எனவே நீளாத கயிற்றாலோ மரச் சட்டத்தாலோ அதை அசையாமல் செய்த பிறகு, உரசலும் சத்தமும் குறைய இடையில் ரியூபைச் சுற்றுங்கள். வால்வின் கழுத்தில் எதையும் கட்டித் தூக்க வேண்டாம்.

உங்களைப் பணிக்கு வைத்திருப்பவரிடம் நீங்கள் கட்டியதைக் காட்டி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கருவிகளில் உற்பத்தியாளர் தந்த பட்டியை மாற்றி எதையும் போடும் உரிமை உதவியாளருக்கு இல்லை. உங்கள் சொந்தக் கருவிகளில் மட்டும் தொடங்குங்கள். கட்டி முடித்ததும் நேரே ஆழத்துக்குப் போக வேண்டாம். பாசிக்குடாவில் நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவு தாண்டாத தண்ணீர் இருக்கிறது. அங்கே முழுக் கருவிகளோடும் மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் மட்டும் ஒவ்வொரு பொருளையும் வளையத்திலிருந்து எடுத்துத் திரும்பச் செருகிப் பாருங்கள். பிறகு மற்றக் கையால், பிறகு கையுறையோடு. எடுக்க முடிந்து செருக முடியாமல் போனால் வளையம் சற்று இறுக்கம், அகலமான ரியூபில் வெட்டுங்கள். எடுக்கவே திணறினால் அந்த இடத்தில் வளையத்தைப் போடாமல் விட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள், வேறு வழி பார்க்கலாம்.